கொள்ளை அடிச்சாச்சு... அப்புறம்?

2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் திறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. சென் நதியை ஒட்டிய சாலையில், மாடி வீடுகளுக்குச் சாமான் ஏற்றும் ஏணி வண்டி ஒன்று வந்து நின்றது. மராமத்து வேலைக்காரர்கள் போடும் பளிச்சென்ற மேல்சட்டையில் ஆட்கள் இறங்கினார்கள். நல்ல வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க, ஏணியில் ஏறி மாடத்துக்குப் போனார்கள். ஜன்னலை கிரைண்டரால் அறுத்து, பிரெஞ்சு அரச நகைகள் இருந்த அப்போலோ கூடத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து, வாரிக்கொண்டு இறங்கி, கீழே தயாராக நின்ற ஸ்கூட்டர்களில் பறந்துவிட்டார்கள். ஏறியதிலிருந்து மறைந்தது வரை மொத்தமே ஏழெட்டு நிமிடம்.

போனது எட்டு நகைகள். மதிப்பு 8.8 கோடி யூரோ என்றார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 900 கோடி ரூபாய். ஒன்பதாவதாக எடுத்ததை வழியில் தவறவிட்டார்கள். அது மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜினியின் கிரீடம். 1,354 வைரங்களும் 56 மரகதங்களும் பதித்தது. நசுங்கிப்போய்க் கீழே கிடந்தது.

அடுத்த சில நாள்களுக்கு உலகமே லூவ்ரின் லட்சணத்தைப் பேசியது. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வெளிக் கேமரா மாடத்தைப் பார்க்காமல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததாக இயக்குநரே ஒப்புக்கொண்டார். ஏணி வண்டியைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த வண்டி நிற்கும் படத்தையே போட்டு, அவசரமாக வேலை முடிய வேண்டுமா, எங்கள் வண்டி இருக்கிறது என்று விளம்பரம் செய்துகொண்டது. வியாபாரம் என்றால் அது!

ஆனால், திருடியவர்கள் பக்கம் இருந்து யோசித்துப் பாருங்கள். கையில் 900 கோடி. யாரிடம் விற்பது? உலகத்தின் எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்துவிட்ட நகையை எந்த வியாபாரி தொடுவான்? கல்லைப் பிரித்து, தங்கத்தை உருக்கினால் 900 கோடியில் பெரும்பங்கு அந்த இடத்திலேயே ஆவி. ஏனென்றால் விலையில் பாதிக்கு மேல் கல்லுக்கும் பொன்னுக்கும் இல்லை, அரசிகளின் கழுத்துக்குத்தான். போதாததற்கு கிரைண்டர், கையுறை, தலைக்கவசம் என்று ஒரு பட்டறையையே அங்கே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அவற்றிலிருந்து எடுத்த மரபணுத் தடயங்களை வைத்து ஒரு வாரத்துக்குள் முதல் இரண்டு பேர் சிக்கினார்கள். ஒருவர் விமானம் ஏறப் போகும்போது பிடிபட்டார். ஆள் கிடைத்தபோதும் நகை கிடைக்கவில்லை.

சினிமாவில் பெட்டகம் திறந்ததும் இசை உச்சத்துக்குப் போகும், கார் பறக்கும், படம் முடிந்துவிடும். நிஜத்தில் அதற்கப்புறம்தான் கதையே. உலகின் பேர்போன கொள்ளைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். கதவைத் திறக்கும் மூளை நிறையப் பேருக்கு இருக்கிறது. திறந்த பிறகு வாழத் தெரிந்தவர்கள்தான் அபூர்வம்.

ரொட்டித் துண்டில் போன வைரம்

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சில தெருக்கள். உலகின் பட்டை தீட்டாத வைரத்தில் பெரும்பகுதி அந்தத் தெருக்கள் வழியாகத்தான் கைமாறி வந்தது. யூத வியாபாரிகளும், குஜராத்தின் பாலன்பூரிலிருந்து போன ஜைன வியாபாரிகளும் பரம்பரை பரம்பரையாகத் தொழில் செய்யும் இடம். வைரக் குற்றங்களுக்கென்றே தனிக் காவல் பிரிவு அங்கே உண்டு.

2000-ம் ஆண்டுவாக்கில், லியோனார்டோ நோட்டார்பார்ட்டோலோ என்ற இத்தாலியர் அங்கிருந்த 'டயமண்ட் சென்டர்' கட்டடத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். இனிமையாகப் பேசுவார், நகை வியாபாரி என்று சொல்லிக்கொண்டார். அறையோடு சேர்த்துப் பாதாளப் பெட்டகத்தில் ஒரு லாக்கரும் கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் எல்லோரையும் போல வந்தார், போனார், காபி குடித்தார், லாக்கரைத் திறந்தார், மூடினார்.

தரைக்கு இரண்டு தளம் கீழே இருந்தது அந்தப் பெட்டகம். மூன்று டன் எடையுள்ள இரும்புக் கதவு. பத்துக் கோடி விதமாகத் திருப்பக்கூடிய எண் பூட்டு. அதோடு ஒரு முழம் நீளச் சாவி. கதவைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் காந்தத் தகடுகள். உள்ளே உடம்புச் சூட்டை உணரும் கருவி, அசைவை உணரும் கருவி, வெளிச்சத்தை உணரும் கருவி, அதிர்வை உணரும் கருவி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

2003 பிப்ரவரி 15-16, வார இறுதி. காந்தத் தகடுகளின் திருகாணிகளைக் கழற்றி, இரண்டு தகடுகளையும் பிரிக்காமல் சேர்த்து ஒட்டி, அப்படியே ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்கள். தகடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்ததால், கதவு மூடியிருப்பதாக அந்தக் கருவி நம்பியது. சூட்டை உணரும் கருவியின் கண்ணில் முன்கூட்டியே தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடித்து மங்கலாக்கியிருந்தார்கள். வெளிச்சக் கருவிக்கு ஒட்டு நாடா. அந்த நீளச் சாவி? அதைப் பக்கத்துச் சாமான் அறையிலேயே மாட்டி வைத்திருந்தது நிர்வாகம். கோட்டை கட்டியவர்கள் சாவியை வாசற்படியில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நூற்றுக்கும் மேற்பட்ட லாக்கர்களைப் பிளந்தார்கள். தங்கம், வைரம், நகை, ரொக்கம் என்று பத்துக் கோடி டாலருக்கு மேல் போனதாக மதிப்பிட்டார்கள். திங்கட்கிழமைதான் விஷயம் தெரிந்தது. ஒரு மணி அடிக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இதுவரையில் பரிபூரணமான வேலை.

மிச்சம் இருந்தது குப்பை. வேலையின்போது சேர்ந்த உறைகள், ஒட்டு நாடா, சாப்பிட்ட மிச்சம், எடுத்து வந்த கண்காணிப்பு வீடியோ நாடாக்கள் எல்லாவற்றையும் பைகளில் கட்டி, தூரமாகக் கொண்டுபோய் எரிப்பதாகத்தான் திட்டம். நெடுஞ்சாலையில் போகும்போது கூட்டாளி ஒருவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. வழியில் ஒரு தோப்பில் பைகளைக் கொட்டிவிட்டார்கள். அந்த நிலத்துக்காரர், ஓய்வுபெற்ற மளிகை வியாபாரி. தன் இடத்தில் யார் குப்பை போட்டாலும் போலீஸுக்குப் போன் போட்டுப் புகார் சொல்கிறவர். அன்றைக்கும் சொன்னார். குப்பையில் ஆன்ட்வெர்ப் டயமண்ட் சென்டர் என்று அச்சடித்த உறைகள் கிடக்கின்றன என்று அவர் சொன்னதும், மறுமுனையில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள்.

கிழித்துப்போட்ட காகிதத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தபோது, கண்காணிப்புக் கருவி வாங்கிய ரசீது ஒன்று உருவானது. அதில் நோட்டார்பார்ட்டோலோவின் பெயர். பாதி தின்று போட்ட சலாமி ரொட்டியில் இன்னொருவரின் மரபணு. சில நாள் கழித்து, ஒன்றும் நடக்காதது போல முகம் காட்ட டயமண்ட் சென்டருக்குத் திரும்பி வந்த நோட்டார்பார்ட்டோலோவை அங்கேயே பிடித்தார்கள். பத்து வருடச் சிறை. கூட்டாளிகளுக்கு ஐந்து வருடம். பிற்பாடு அவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்கு வேறு கதை சொன்னார்: ஒரு வைர வியாபாரிதான் தன்னை ஏவினார், பெட்டிகளில் பல காலியாக இருந்தன, மொத்தமே இரண்டு கோடி டாலர்தான் தேறியது, மீதி இன்சூரன்ஸ் தில்லுமுல்லு. விசாரித்தவர்கள் அதை நம்பவில்லை.

ஆனால், வைரங்களில் பெரும்பாலானவை திரும்பி வரவே இல்லை. லூவ்ர் நகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பேர் இல்லாத சின்னக் கல்லுக்கு முகம் கிடையாது. கை மாறினால் மாறியதுதான்.

பொன்னுக்குச் செம்பு

முகத்தை அழிக்கக் கல்லைவிட எளிது தங்கம். உருக்கினால் போதும் என்று நினைப்போம். 1983 நவம்பர் 26 அதிகாலை, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் அருகே பிரிங்ஸ்-மாட் கிடங்குக்குள் நுழைந்த கும்பல் அப்படி நினைத்து வரவில்லை. அவர்கள் எதிர்பார்த்தது ரொக்கப் பணம். கிடைத்தது மூன்று டன் தங்கம்: 6,800 கட்டிகள், 2.6 கோடி பவுண்ட். உள்ளே வேலை பார்த்த காவலாளி ஒருவரே துப்புக் கொடுத்திருந்தார். அவர்தான் முதலில் மாட்டினார்.

சுத்தத் தங்கக் கட்டி என்றால் வரிசை எண் இருக்கும். எண்ணை உருக்கி அழித்தாலும், அவ்வளவு சுத்தமான தங்கத்தைக் கொண்டுபோய் நீட்டினால் எந்த ஆசாரியும் மச்சம் பார்த்தவுடனே ஒரு பார்வை பார்ப்பார். அதனால் செம்பைக் கலந்து தரத்தைக் குறைத்தார்கள். பழைய நகையை அழித்தது போலக் காட்டி, சட்டப்படியான வியாபாரமாகவே சந்தையில் திரும்ப விற்றார்கள். அது மூளை. ஆனால், விற்ற பணம் வங்கிக்கு வந்தாக வேண்டுமே! பிரிஸ்டலில் ஒரே வங்கிக் கிளையிலிருந்து கட்டுக் கட்டாகப் பணம் எடுத்த வேகத்தில் அங்கே 50 பவுண்ட் நோட்டுக்கே தட்டுப்பாடு வந்து, சந்தேகம் கிளம்பியது. அதற்குள் தங்கத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. 1983-க்குப் பிறகு பிரிட்டனில் வாங்கிய தங்க நகை எதிலும் அதில் ஒரு குன்றிமணி கலந்திருக்கலாம் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். இந்தத் தங்கத்தைச் சுற்றி அடுத்த பல வருடங்களில் விழுந்த கொலைகளைச் சொல்லும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

திருச்சியில் 2019 அக்டோபர் 2 அதிகாலை லலிதா ஜுவல்லரியின் சுவரில் கன்னம் வைத்தவர்களுக்கு உருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. பொம்மை முகமூடி மாட்டிக்கொண்டு, மிளகாய்ப் பொடி தூவி, ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகையை அள்ளினார்கள். மறுநாள் இரவே திருவாரூரில் சாதாரண வாகனச் சோதனையில் பை பிடிபட்டது. நகைகளில் கடையின் பார்கோடு சீட்டுகூட இருந்தது. தலைவனாகச் சொல்லப்பட்ட திருவாரூர் முருகன் பெங்களூரில் சரணடைந்த பிறகு, காவிரிக் கரையில் புதைத்திருந்த நகைகளைத் தோண்டி எடுத்தார்கள். சுவரில் ஓட்டை போடுவதற்குச் செலவழித்த யோசனையில் நாலில் ஒரு பங்கை அந்தச் சீட்டுகளைக் கிழிப்பதற்குச் செலவழித்திருக்கலாம்.

அழுக்கு நோட்டின் மவுசு

விவரம் தெரிந்தவர்கள் நகைக்குப் போவதில்லை, பழைய நோட்டுக்குப் போகிறார்கள். வங்கிகள் அழுக்கடைந்த நோட்டுகளைச் சேர்த்து, சரிபார்க்கவோ அழிக்கவோ மத்திய வங்கிக்கு அனுப்பும். புதுக் கட்டு போல எண்கள் வரிசையாக இருக்காது. யாரும் குறித்து வைத்திருக்கவும் மாட்டார்கள். திருடனுக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது. மூன்று பெரிய கொள்ளைகள் இந்த அழுக்குப் பணத்தை நம்பி நடந்தன. மூன்றிலும் ஆகஸ்ட் 8 வருகிறது என்பது சும்மா ஒரு தற்செயல்தான். ஆனால், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முதலாவது 1963 ஆகஸ்ட் 8. கிளாஸ்கோவிலிருந்து லண்டன் போன தபால் ரயில். பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, சிவப்பு விளக்குக்குத் தனியாக பேட்டரி கொடுத்து ரயிலை நிறுத்தினார்கள். ஓட்டுவதற்கென்று கூட்டி வந்த ஆளுக்கு அந்த டீசல் இன்ஜினை ஓட்டத் தெரியவில்லை. அதனால் டிரைவர் ஜாக் மில்ஸைத் தலையில் அடித்து, அவரையே ஓட்ட வைத்து, பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு பாலத்தருகே 120 மூட்டைகளை இறக்கினார்கள். 26 லட்சம் பவுண்ட். பிற்காலத்தில் இந்தக் கும்பலைக் கதாநாயகர்கள் போலப் பேசியவர்கள் எல்லோரும் வசதியாக மறந்துபோன பெயர் மில்ஸ். அவர் பழைய உடல்நிலைக்குத் திரும்பவே இல்லை.

பண்ணை வீடு ஒன்றில் பதுங்கினார்கள். பொழுது போகவில்லை. நம் வீடுகளில் 'டிரேட்' என்று ஆடுவோமே, அந்த மோனாப்பலியை நிஜப் பணம் வைத்தே ஆடினார்கள். வீட்டைக் கொளுத்திவிடச் சொல்லிக் காசு கொடுத்த ஆள் கொளுத்தவில்லை. போலீஸ் வந்தபோது ஆட்டப் பெட்டியிலும் கெச்சப் பாட்டிலிலும் ரேகைகள் வரிசையாகக் காத்திருந்தன. முக்கியமானவர்களுக்கு 30 வருடம் சிறை. சிறைச் சுவர் ஏறித் தப்பி பிரேசில் வரை போன ரோனி பிக்ஸின் பங்கு சுமார் 1,47,000 பவுண்ட். அதில் பெரும்பகுதி தப்பிக்கவும் முகத்தை மாற்றிக்கொள்ளவுமே செலவாகிவிட்டது. 2001-ல் உடம்பு முடியாமல் தானாகவே ஊர் திரும்பி, சிறைக்குப் போனார்.

இரண்டாவது, அதே பிரேசிலில். வடகிழக்குக் கடலோர நகரம் ஃபோர்த்தலேசா. 2005-ல் மத்திய வங்கிக் கிளைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, செயற்கைப் புல் விற்கும் கம்பெனி என்று பலகை மாட்டினார்கள். புல், தோட்ட வேலை என்றால் தினமும் வண்டி வண்டியாக மண் வெளியே போவதை யார் கேட்பார்கள்? மூன்று மாதம் தோண்டினார்கள். தரைக்கு நாலு மீட்டர் கீழே, சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம். பக்கவாட்டில் பலகை அடித்து, விளக்குப் போட்டு, காற்றோட்ட வசதியும் செய்திருந்தார்கள். கடைசியில் ஒரு மீட்டருக்கும் மேல் கனமான கான்கிரீட் தரையைக் குடைந்து, ஆகஸ்ட் 6-7 வார இறுதியில் உள்ளே ஏறினார்கள். 50 ரியால் நோட்டுகள், மொத்தம் 16.47 கோடி ரியால். எடை மூன்றரை டன். திங்கட்கிழமை, ஆகஸ்ட் 8, வங்கி ஊழியர்கள் வந்து பார்த்தபோது தரையில் ஓட்டை.

அப்புறம்? கும்பலில் ஒருவர் உடனே பத்துக்கும் மேற்பட்ட கார்களை ரொக்கம் கொடுத்து வாங்கினார். கார்களை ஏற்றிச் சென்ற லாரியை வழியில் மடக்கிப் பார்த்தால், கார்களுக்குள் நோட்டுக் கட்டுகள். மற்றவர்கள் போலீஸுக்கு மட்டும் பயப்படவில்லை. பணம் யாரிடம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்த கடத்தல்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். முக்கியப் புள்ளியாகக் கருதப்பட்ட லூயிஸ் ஃபெர்னாண்டோ ரிபைரோவை அக்டோபரில் கடத்தினார்கள். கேட்ட பணத்தைக் குடும்பம் கொடுத்தது. பிணமாகத்தான் கிடைத்தார். மீட்கப்பட்டது போன பணத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

மூன்றாவது நம்முடையது. 2016 ஆகஸ்ட் 8 இரவு, சேலத்திலிருந்து சென்னை எழும்பூர் கிளம்பிய எக்ஸ்பிரஸில், வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய நோட்டுகள்: 226 பெட்டிகள், 342 கோடி ரூபாய். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் வேறு பெட்டியில். மறுநாள் எழும்பூரில் கதவைத் திறந்தால் மேற்கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஐந்தே முக்கால் கோடி காணோம். சேலம்-விருத்தாசலம் பாதையில் அப்போது டீசல் இன்ஜின்தான், தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. விருத்தாசலம் தாண்டினால் 25,000 வோல்ட். அந்த ஒரு துண்டுப் பாதையில், ஓடும் ரயிலின் கூரை மேல் வேலையை முடிக்க வேண்டும் என்று தெரிந்து வந்தவர்கள் அவர்கள். மத்தியப் பிரதேசத்துக் கும்பல் என்று இரண்டு வருடம் கழித்து சிபிசிஐடி கண்டுபிடித்தது.

அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ரசீது விடவில்லை, ரொட்டி விடவில்லை. ஆனால், சரியாக மூன்று மாதம் கழித்து, 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. நீங்களும் நானும் வங்கி வாசலில் ஆதார் அட்டையோடு வரிசையில் நின்றோம். அவர்கள் எந்த வரிசையில் நிற்பது? கொள்ளையடித்த பணம் முழுவதையும் செலவழிக்க முடியாமல் போனதாகக் கைதானவர்கள் விசாரணையில் சொன்னதாகச் செய்திகள் வந்தன. பணமதிப்பிழப்பால் கறுப்புப் பணம் ஒழிந்ததா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழிந்த கறுப்புப் பணத்தில் இதைத் தாராளமாகக் கணக்கு வைக்கலாம்.

சாக்கடை வழியாக வந்தவர்

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பது பழமொழி. அகப்பட்ட பிறகும் ஜன்னல் வழியாகப் போய்விட்டவரைப் பற்றிப் பழமொழியில் ஒன்றும் இல்லை. ஆல்பர்ட் ஸ்பாஜியாரி, பிரான்ஸின் நீஸ் நகரில் புகைப்படக்காரர். சொசியெத்தே ஜெனரால் வங்கியில் ஒரு லாக்கரை எடுத்து, அதற்குள் ஓங்கி அடிக்கும் அலாரம் கடிகாரத்தை வைத்து மூடிவிட்டு வந்தார். ராத்திரி அது அலறியும் வங்கியில் எந்த மணியும் அடிக்கவில்லை. பெட்டகத்தின் சுவர் கனத்தை நம்பி, உள்ளே எச்சரிக்கைக் கருவியே வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் இரண்டு மாதம், நகரச் சாக்கடையிலிருந்து எட்டு மீட்டர் சுரங்கம்.

1976 ஜூலை நடுவில் ஒரு வார இறுதி முழுக்க உள்ளேயே தங்கினார்கள். கதவை உள்பக்கமாகப் பற்றவைத்துவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு, மது அருந்தி, நிதானமாக முந்நூறுக்கும் மேற்பட்ட லாக்கர்களை உடைத்தார்கள். ஆயுதம் இல்லாமல், வெறுப்பு இல்லாமல், வன்முறை இல்லாமல் செய்தோம் என்ற பொருளில் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். போனது 4.6 கோடி பிராங்க் என்றார்கள். உண்மையில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. வருமான வரிக்குக் காட்டாத பொருளை லாக்கரில் வைத்தவர், போலீஸிடம் என்னவென்று புகார் எழுதுவார்? லாக்கர் கொள்ளைக்காரர்களுக்கு ஊமைக் கூட்டாளி, லாக்கர்காரர்தான்.

அக்டோபரில் ஸ்பாஜியாரி பிடிபட்டார். அப்போதுதான் நகர மேயரோடு புகைப்படக்காரராகக் கிழக்காசியா போய்த் திரும்பியிருந்தார்! 1977 மார்ச் 10, நீதிபதியின் அறையில் விசாரணை. ஜன்னல் வழியாகக் குதித்து, கீழே நின்ற கார் மேல் விழுந்து, தயாராக இருந்த மோட்டார் சைக்கிளில் மறைந்தார். அதன் பிறகு போலீஸ் கையில் சிக்கவே இல்லை. 1989-ல் அவர் உடல்தான் தாயார் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கதை அதோடும் முடியவில்லை. 2010-ல் மார்செய் நகரத்துக் குற்றவாளி ஒருவர், அதைத் திட்டமிட்டது ஸ்பாஜியாரி இல்லை, நான்தான் என்று புனைபெயரில் புத்தகம் போட்டார். திருட்டுக்கு வழக்குப் போடும் காலக்கெடு எப்போதோ தாண்டியிருந்தது. கறுப்பை வெள்ளையாக்கிய குற்றத்துக்குத் தாண்டவில்லை. புகழ் ஆசை அவரை நீதிமன்றம் வரை கூட்டிப் போனது.

நாலு நாள் விடுமுறை

சுரங்கமும் ஏணியும் பழைய தொழில். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியைக் கொள்ளையடித்தவர்கள் டாக்காவில் கால் வைத்ததாகவே தெரியவில்லை. வங்கியின் கணினிக்குள் மாதக்கணக்காகப் பதுங்கியிருந்து, அந்த வங்கியே கேட்பது போல நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். கேட்ட தொகை 95.1 கோடி டாலர். அவர்கள் பார்த்த பஞ்சாங்கம்தான் அசத்தல். வியாழன் இரவு தொடக்கம். வெள்ளி டாக்காவில் விடுமுறை. டாக்கா விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. திங்கள் பிப்ரவரி 8, பணம் போய்ச் சேர வேண்டிய பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. உத்தரவுகளை அச்சடித்துக் காட்டும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். பிரிண்டர் மக்கர் செய்வது எந்த அலுவலகத்தில் அதிசயம்?

இலங்கை இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். இரண்டு கோடி டாலர் கொழும்பில் பான் ஏசியா வங்கியில் இருந்த ஓர் அறக்கட்டளைக் கணக்குக்குக் கிளம்பியது. ஷாலிகா ஃபவுண்டேஷன் என்று எழுத வேண்டியதை 'ஃபேண்டேஷன்' என்று அடித்துவிட்டார்கள். இடையில் இருந்த டாய்ச் வங்கி, இது என்ன பெயர் என்று திருப்பிக் கேட்டது. பணம் நின்றது, திரும்பியது. மிச்ச உத்தரவுகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலேயே மாட்டிக்கொண்டன. மணிலாவில் 'ஜூபிடர்' தெருவில் இருந்த வங்கிக் கிளையின் பெயர், தடைப் பட்டியலில் இருந்த ஈரான் கப்பல் ஒன்றின் பெயரோடு ஒத்துப்போனதால் கணினி அவற்றை நிறுத்திவிட்டது.

ஆனாலும் 8.1 கோடி டாலர் மணிலா போய்ச் சேர்ந்தது. இந்தக் கும்பல் மற்றவர்களைப் போல இல்லை; அடிப்பதற்கு முன்பே 'அப்புறம்' என்ன என்று யோசித்து வைத்திருந்தது. ஒன்பது மாதம் முன்னால் 500 டாலர் போட்டுத் திறந்து சும்மா விட்டிருந்த கணக்குகளில் பணத்தை வாங்கி, நேரே சூதாட்ட விடுதிகளுக்கு மாற்றினார்கள். அப்போது அந்த நாட்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை. பணம் சில்லுகளானது, சில்லுகள் மேஜையில் உருண்டன, மறுபடி பணமானபோது அதற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒன்றரைக் கோடி டாலர்தான் ஆரம்பத்தில் திரும்பியது. வட கொரியா மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது மணிலாவின் அந்தக் கிளை மேலாளருக்கு.

மூத்த குடிமக்கள்

எனக்குப் பிடித்தமான கும்பலைக் கடைசியில் வைத்திருக்கிறேன். பிடித்தம் என்று சொல்லக் கூடாதுதான். லாக்கரில் சேமிப்பை வைத்து இழந்த சிறு நகை வியாபாரிகள் அங்கே பலர்.

2015 ஈஸ்டர் விடுமுறை. லண்டனின் நகைக்கடைத் தெரு ஹாட்டன் கார்டன். மூளை, பிரையன் ரீடர், வயது 76. கொள்ளையடிக்க அவர் வந்தது அரசுப் பேருந்தில், முதியோர் இலவசப் பயண அட்டையில். அட்டையும் வேறொருவர் பெயரில். டெர்ரி பெர்கின்ஸ் தன் 67-வது பிறந்த நாளன்று, சர்க்கரை வியாதிக்கான மருந்தோடு வந்தார். வெளியே காவலுக்கு நின்ற கென்னி காலின்ஸ் தூங்கிவிட்டார். டேனி ஜோன்ஸ் தடய அறிவியலை எளிமையாகச் சொல்லும் புத்தகம் ஒன்றை வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்.

லிஃப்ட் குழி வழியாக இறங்கி, 50 சென்டிமீட்டர் கான்கிரீட்டில் மூன்று துளை போட்டார்கள். நடுவில் எச்சரிக்கை மணி அடித்தது. காவலாளி வந்தார், வெளிக்கதவு ஒழுங்காக இருப்பதைப் பார்த்தார், போய்விட்டார். போலீஸ் வரவே இல்லை. பிறகு மன்னிப்புக் கேட்டது. துளைக்கு அந்தப் பக்கம் லாக்கர் அலமாரி தரையோடு பொருத்தியிருந்தது. அதைத் தள்ளும் ஜாக்கி உடைந்துபோனது. ரீடர், இது வேலைக்கு ஆகாது என்று வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கடைக்குப் போய்ப் புது ஜாக்கி வாங்கி, சனிக்கிழமை இரவு திரும்பி வந்து, 73 லாக்கர்களை உடைத்தார்கள். மதிப்பு சுமார் 1.4 கோடி பவுண்ட்.

வீழ்த்தியது காலின்ஸின் சொந்தக் கார். வெள்ளை மெர்சிடிஸில் தெருவை நோட்டம் பார்க்கப் போனவர், அத்தனை கேமராவிலும் பதிவாகியிருந்தார். போலீஸ் உடனே கைது செய்யவில்லை. கார்களில் ஒலிக்கருவி வைத்துவிட்டுக் காத்திருந்தது. பெரிசுகள் பேசித் தீர்த்தார்கள். உலகத்திலேயே பெரிய திருட்டு என்று தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள். பாதியில் போன ரீடரைத் திட்டினார்கள். மே 19, சாமானைப் பங்கு போடக் கூடிய இடத்தில் வளைத்தார்கள்.

சிறையிலிருந்து ஜோன்ஸ் ஒரு பத்திரிகையாளருக்குக் கடிதம் எழுதினார்: மனம் திருந்திவிட்டேன், ஒளித்து வைத்த இடத்தைப் போலீஸுக்குக் காட்டத் தயார். அழைத்துப் போனார்கள். எட்மன்டன் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறைக்கு அடியைக் காட்டினார். இவ்வளவுதான், வேறு எங்கும் இல்லை என்றார். அதே தோட்டத்தில் இன்னொரு கல்லறைக்கு அடியில் அவர் வைத்திருந்த பெரிய மூட்டையை ஒரு வாரம் முன்பே தோண்டி எடுத்துவிட்டுத்தான் போலீஸ் அவரோடு வந்திருந்தது.

ஏழு வருடத்தை ஒட்டிய தண்டனைகள். கொள்ளையில் பெரும்பகுதி அகப்படவில்லை. 2018 ஜனவரியில் நீதிமன்றம் கணக்குப் போட்டு, பெர்கின்ஸ், காலின்ஸ், ஜோன்ஸ், ரீடர் நாலு பேரும் சேர்ந்து 2.75 கோடி பவுண்ட் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் ஏழு வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றது. ஒரு வாரத்துக்குள் பெர்கின்ஸ் சிறையிலேயே இறந்துபோனார். அவர் பங்கை யாரிடம் வசூலிப்பது என்பது அரசுக்கு வந்த தலைவலி.